26,500 ரூபாய் மெஷினும் 350 ரூபாய் டப்பும்

“லிட்டர் தீர்ந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வா” என்று தம்பிக்குப் போன் செய்தால் “எத்தனை லிட்டர்?” என்று கேட்பான். ஒருமுறை கேட்கக்கூட இல்லை, இரண்டு லிட்டர் பாலோடு வந்து நின்றான். நான் கேட்டது பூனை மலஜலம் கழிக்க டப்பில் போடுகிற மண்ணை, ஆங்கிலத்தில் அதற்கும் லிட்டர் (litter) என்றுதான் பெயர். அதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பூனை மண் என்றுதான் பெயர். அந்தப் பூனை மண்ணைத் தானே அள்ளிச் சுத்தம் செய்துகொள்ளும் மெஷின் ஒன்றை மார்ச் மாதம் வாங்கினேன், எட்டு மாதம் ஓட்டினேன், போன வாரம் கொடுத்துவிட்டேன். “வாங்கலாமா?” என்று தெரிந்தவர்கள் இரண்டு நாளைக்கு ஒருவராவது கேட்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். அவசரக்காரர்களுக்குப் பதில் முதலிலேயே: பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம், சில வீடுகளுக்குக் கட்டாயம் வேண்டும். எந்த வீடு எது என்பதற்குத்தான் மீதிக் கதை.

எங்களுடையது மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு. நான், அம்மா, தம்பி, அப்புறம் இரண்டு பூனைகள். சொக்கன் 5.8 கிலோ, கருத்தடை செய்த ஆண், வெயிலில் காய்ந்த செங்கல் நிறம். மிளகு 3.4 கிலோ, பெயருக்கேற்ற கறுப்பு, பெயருக்கேற்ற காரமும் உண்டு. சொக்கனை எடுத்ததே எதிர் மனையில் கொட்டியிருந்த கட்டிட மணல் குவியலிலிருந்துதான். மணல் லாரி வந்து கொட்டிய அன்று ராத்திரியே தெருப் பூனைகள் எல்லாம் அங்கே வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்கா, மேற்காசியா பக்கத்து வறண்ட நிலக் காட்டுப் பூனை, அதனால் தோண்டி, போய், மூடிவிட்டு வருவது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. நாய்க்குட்டிக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஒன்றும் செய்ய வேண்டாம். டப்பில் மண்ணைப் போட்டு இரண்டு தடவை உள்ளே இறக்கி விட்டோம், மூன்றாவது தடவை அதுவே போனது.

கடையில் பையில் மண் விற்பதே 1947-ல்தான் தொடங்கியது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டு அம்மா பூனைக்கு மணல் கேட்டு வந்தார், அவர் பட்டறைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சப் பயன்படும் ஒருவகைக் களிமண்ணைக் கொடுத்து அனுப்பினார், அதுவே பிறகு பெரிய வியாபாரமானது. அதற்கு முன்னால் அங்கேயும் மணலும் அடுப்புச் சாம்பலும்தான், நம் பாட்டி வீடுகளைப்போலவே. இன்று நாம் வாங்குவது பெரும்பாலும் பென்டோனைட், ஈரம் பட்டால் உப்பிக் கட்டியாக இறுகுகிற மண். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏராளமாக வெட்டி எடுக்கிறார்கள். இந்தக் கட்டி பிடிக்கிற குணம் இல்லையென்றால் தானியங்கி மெஷின் என்ற ஒன்றே கிடையாது. ஏன் என்று வருகிறேன்.

மெஷின் வாங்கக் காரணம் அம்மாவின் முழங்கால். எனக்கு அதிகாலை ஷிஃப்ட், தம்பி எழுந்திருப்பதே பத்து மணிக்கு, அதனால் காலையில் குனிந்து டப்பை அள்ளுகிற வேலை அம்மா தலையில் விழுந்தது. போதாததற்கு, போன வருஷம் மே மாதம் வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் அடித்த நெடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. சிறுநீரில் இருக்கிற யூரியாவை பாக்டீரியா உடைத்து அமோனியாவாக்குகிறது, சென்னை வெயிலும் புழுக்கமும் அதற்கு விருந்து.

இந்த ஊரில் கிடைக்கிற மெஷின்கள் பெரும்பாலும் சீன இறக்குமதி, நான் வாங்கியபோது இருபதாயிரத்தில் தொடங்கி ஐம்பதாயிரத்தைத் தாண்டிப் போனது. வெளிநாட்டில் பெயர்பெற்றது லிட்டர்-ரோபோட், அதன் நான்காவது மாடல் 2022-ல் வந்தது, அப்போது அமெரிக்காவிலேயே விலை 600 டாலருக்கு மேல். நான் வாங்கியது அது இல்லை. ஒரே மெஷினை நான்கைந்து பெயரில் ஸ்டிக்கர் மாற்றி ஒட்டி விற்கிறார்கள் என்பதால் என்னுடையது எது என்று சொல்லியும் பயனில்லை. வேலை செய்கிற விதம் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒன்றுதான். சிமென்ட் கலவை மெஷினைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு உருளை, உள்ளே மண். பூனை ஏறினால் அடியில் இருக்கிற எடை சென்சாருக்குத் தெரியும். இறங்கிய பிறகு சில நிமிடம் காத்திருந்து உருளை மெதுவாகச் சுற்றும், மண் சல்லடை வழியாக ஒரு பக்கம் போக, கட்டிகள் மட்டும் உருண்டு அடியில் இருக்கிற இழுப்பறையில் விழும். காத்திருப்பது எதற்கு என்றால் கட்டி இறுகுவதற்கு. இறுகாத கட்டி சுற்றலில் உடைந்து, தோசை மாவு மாதிரி உருளை முழுக்கப் பூசிக்கொள்ளும். மண்ணின் தரம் இங்கேதான் காலை வாரும். நான் வழக்கமாக வாங்குகிற பத்து கிலோ 650 ரூபாய் மண் இதற்கு ஒத்துவரவில்லை, 1,100 ரூபாய் மண்ணுக்கு மாற வேண்டியதாயிற்று.

முதல் மாதம் சொர்க்கம், மறைக்காமல் சொல்கிறேன். முதல் வாரம் கரண்ட் கொடுக்காமலே வைத்தோம், பழைய டப்பிலிருந்து இரண்டு கை அழுக்கு மண்ணை எடுத்துப் புதுசில் கலந்தோம், வாசனை பிடித்துக்கொண்டு சொக்கன் இரண்டாம் நாளே உள்ளே போய்விட்டது. மிளகு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. வேலை முடிந்து ஏழாவது நிமிடம் ‘கர்ர்ர்’ என்று உருளை சுற்றும், சொக்கன் எதிரே உட்கார்ந்து டிவி பார்ப்பதுபோல முழுச் சுற்றையும் பார்க்கும். நெடி உண்மையிலேயே குறைந்தது. அம்மா குனிய வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் வெயில் ஏறியது. இழுப்பறை ஒரு பூனைக்குப் பதினைந்து நாள் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். இரண்டு பூனைக்கு நான்காவது நாளே அதைத் திறக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. டப்பில் தினமும் அள்ளி வெளியே போடுகிற அதே சமாச்சாரம்தானே நான்கு நாளாக மூடிய பெட்டிக்குள் வேகிறது. திறக்காதவரை நாற்றமில்லை என்பது வாஸ்தவம், ஆனால் என்றைக்காவது திறந்துதானே ஆக வேண்டும்.

அதைவிடப் பெரிய தலைவலி, ஒருநாள் மிளகுக்கு வயிறு சரியில்லாமல் போனது. டப்பாக இருந்தால் ஒரு அள்ளு, ஒரு துடைப்பு, முடிந்தது. மெஷினுக்கு அது இளகலா இறுகலா என்று தெரியாது, கடமை தவறாமல் சுற்றியது. உள்சுவர், சல்லடை ஓட்டைகள், வாய் ஓரத்து ரப்பர் எல்லா இடத்திலும் ஒரு பூச்சு. கழற்றுவதற்கு முதலில் எட்டு கிலோ மண்ணை ஒரு வாளியில் கவிழ்க்க வேண்டும், அப்புறம் உருளையைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோக வேண்டும். அது எங்கள் குளியலறை வாசலில் குறுக்கே நுழையாது, சாய்த்து, திருப்பி, கதவில் இடித்துத்தான் நுழையும். சல்லடையின் ஒவ்வொரு ஓட்டையையும் பழைய டூத் பிரஷ் வைத்துத் தேய்த்தேன். களிமண் தண்ணீர் பட்டால் பிசினாகிவிடும், வடிகாலில் போனால் அடைத்துக்கொள்ளும், அதனால் முதலில் காகிதத்தால் வழித்து எடுத்துக் குப்பையில் போட வேண்டும். அன்றைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். பிறகு சாதாரணமாகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இந்தக் கழற்றல் தேவைப்பட்டது, பழகப் பழக ஒன்றேகால் மணிக்கு வந்தது. காயவைக்கிற நேரம் தனி, ஈரத்தோடு மண்ணைப் போட்டால் சுவரில் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

கரண்ட் கதையும் உண்டு. மெஷின் இருந்தது சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் வைத்திருக்கிற சின்ன பால்கனியில், அந்தப் பிளக்குக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கிடையாது. ஒரு மழை ராத்திரி பாதிச் சுற்றில் கரண்ட் போக, உருளை வாய் மேல்நோக்கித் திரும்பிய நிலையில் நின்றுவிட்டது. பூனை எப்படி உள்ளே போகும்? காலையில் தம்பியின் கால்மிதியில் பதில் இருந்தது. அது பூனையின் தப்பே இல்லை. மெஷினைப் போனில் இருக்கிற ஆப்போடு இணைப்பது வைஃபை, ரவுட்டரை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து இணைக்க வேண்டும், இதையெல்லாம் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன்.

ஆகஸ்டில் நடந்ததுதான் என் மனதை மாற்றியது.

நல்ல வேளையாகப் பழைய டப் ஒன்றைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தோம். பூனை எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அத்தனை பெட்டி வைக்க வேண்டும் என்பது பூனை மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது, இரண்டு பூனைக்கு மூன்று. எங்கள் வீட்டில் இடம் இரண்டுக்குத்தான். ஒரு சனிக்கிழமை காலை அம்மா அந்த டப்பை அள்ளும்போது கூப்பிட்டார். “சாத்துக்குடி சாத்துக்குடியா இருக்கும், இன்னைக்கு என்னடி சுண்டைக்காய் சுண்டைக்காயா கெடக்கு?” சிறுநீர்க் கட்டிகளைச் சொல்கிறார். அரை மணியில் சொக்கன் மறுபடி டப்பில் ஏறி, முதுகைக் கூனி உட்கார்ந்து, ஒன்றும் வராமல் ஈனமாக ஒரு சத்தம் போட்டது. உடனே கூடையில் போட்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல், படிகமோ சளிக் கட்டியோ அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஒன்றிரண்டு நாளில் இதயம் நின்றுவிடும். குழாய் போட்டு எடுத்தார்கள், பிழைத்தது, இப்போது ஈர உணவும் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீருமாக நன்றாக இருக்கிறது.

திரும்பி வந்து மெஷினின் ஆப்பைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை சொக்கன் பதினோரு தடவை போயிருக்கிறது. சாதாரணமாக மூன்று, நான்கு. எல்லாம் நேரம் போட்டு, எடை போட்டு அழகாகப் பதிவாகியிருந்தது. மீட்டிங் நடுவில் எல்லாம் “சொக்கன் பயன்படுத்தியது” என்று டொய்ங் டொய்ங் அடிக்கிறதே என்று அறிவிப்பை நான்தான் மார்ச் மாதமே அணைத்து வைத்திருந்தேன். ஆக, பாதித் தப்பு என்னுடையது. மீதிப் பாதி, எத்தனை தடவை போனது என்று சொல்கிற மெஷினுக்கு வந்ததா வரவில்லையா என்று சொல்லத் தெரியாது. இழுப்பறையைத் திறந்து பார்த்தாலும் நான்கு நாள் கட்டிகள் இரண்டு பூனையுடையதும் கலந்து கிடக்கும், சுண்டைக்காய் அளவுக் கட்டியோ சல்லடையில் நழுவி நல்ல மண்ணோடேயே போய்விடும். அம்மா நான்கு வருஷமாகக் குனிந்து அள்ளிக்கொண்டே என்னென்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கட்டி திடீரென்று பெரிதானால் சர்க்கரை நோயாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ இருக்கலாம், சிறிதாகி எண்ணிக்கை கூடினால் அடைப்பு, ஒருநாள் முழுக்க ஒன்றும் இல்லையென்றால் உடனே டாக்டர். இதற்கெல்லாம் ஆப் தேவைப்படவில்லை, ஒரு கரண்டி போதுமாக இருந்தது.

கரண்டி என்றதும் சொல்லிவிடுகிறேன், கடையில் விற்கிற பிளாஸ்டிக் ஸ்கூப் இரண்டு மாதத்தில் கழுத்தில் முறியும். எங்களுடையது வடை எடுக்கிற எவர்சில்வர் ஜல்லிக் கரண்டி. மண் ஓட்டை வழியே கொட்டிவிடும், கட்டி மேலே நிற்கும், நீளக் காம்பு என்பதால் குனிவதும் குறைவு. தவறிப்போய்ச் சமையலறைக்குள் வந்துவிடக் கூடாது என்று அம்மா காம்பில் சிவப்பு நெயில் பாலிஷ் அடித்து வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் வடை சாப்பிடுமுன் ஒருமுறை கரண்டியைப் பார்த்துக்கொள்கிறார்கள், அது வேறு விஷயம்.

டப்பைப் பற்றியும் கொஞ்சம். பூனைக்கென்று கடையில் விற்கிற தட்டுகள் முக்கால்வாசி சொக்கன் மாதிரி உடம்புக்குப் போதாது. மூக்கிலிருந்து வால் தொடங்குகிற இடம் வரை அளந்து, அதைப்போல ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப், அந்த நீளத்துக்கு, 30 சென்டிமீட்டர் உயரத்தில், பாத்திரக் கடையில் 350 ரூபாய்க்கு வாங்கினோம். ஒரு பக்கத்தில் மட்டும் சூடான கத்தியால் பாதி உயரத்துக்கு வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் வாசல் தயார். மற்ற மூன்று பக்கமும் உயரம் என்பதால் சொக்கன் காலால் வாரி அடிக்கிற மண் வெளியே வராது. மண் மூன்று விரல் ஆழம், அதற்குக் குறைந்தால் சிறுநீர் அடியில் போய் ஒட்டிக்கொண்டு சுரண்ட வேண்டியிருக்கும். நெடிக்கு ஒரு கைப்பிடி ஆப்ப சோடா தூவினால் போதும். லாவண்டர், எலுமிச்சை வாசனை போட்ட மண்ணெல்லாம் நமக்குத்தான், பூனைகளுக்குப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. மேல்மூடி போட்ட பெட்டி வாங்கினோம், மிளகு சீண்டவே இல்லை, இப்போது அதில் வெங்காயம் இருக்கிறது (பயப்படாதீர்கள், ஒருநாளும் மண் போடவில்லை). சோயா சக்கையில் செய்கிற டோஃபு மண் இலேசானது, வாசனையும் பரவாயில்லை, ஆனால் மழைக்காலத்தில் திறந்த பையில் பூஞ்சை பூத்ததால் விட்டுவிட்டோம்.

கழுவுகிற விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளில் எதைக் கழுவினாலும் ஃபினாயில்தான் கைக்கு வரும். அதிலிருக்கிற ஃபீனால் வகை ரசாயனத்தைப் பூனையின் கல்லீரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது, காலில் பட்டதை நக்கியே விஷமாகிவிடும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் மூச்சைத் திணறடிக்கிற வாயு வரும். பாத்திரம் கழுவுகிற சோப்பு, வெந்நீர், வெயில். மெஷினுக்கும் டப்புக்கும் இதேதான்.

சரி, காசுக் கணக்கு. டப்புகள் இரண்டு வைத்திருந்தபோது மாதம் இரண்டு பை மண், 1,300 ரூபாய். மெஷின் மண்ணை வீணாக்காது, மாதம் ஒரு பை போதும், ஆனால் விலைகூடின மண் என்பதால் 1,100, இழுப்பறைக்குப் பை 150, ஆகமொத்தம் 1,250. மெஷின் விலை 26,500 ரூபாயை மூன்று வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 736 ரூபாய் தலையில் ஏறும். நேரம் பார்த்தால் இரண்டு டப்பையும் காலையும் ராத்திரியும் அள்ள மொத்தம் ஏழு நிமிடம், மாதத்துக்கு மூன்றரை மணி. மெஷினுக்கு இழுப்பறை மாற்றுவது, இரண்டு முறை கழற்றிக் கழுவுவது எல்லாம் சேர்ந்து மூன்று மணியும் பத்து நிமிடமும். மிச்சம் இருபது நிமிடம்! அம்மாவிடம் சொன்னேன், சிரித்தார்.

அப்படியானால் யாருக்குத்தான் இது? குனியவே முடியாதவர் தனியாக இருக்கிற வீடு, ஆனால் மாதம் இரண்டு முறை கழற்றிக் கழுவ யாராவது வந்துபோக வேண்டும். அடிக்கடி ஒரு ராத்திரி வெளியூர் போகிறவர்கள். கர்ப்பிணி இருக்கிற வீடு. பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை இருக்க வாய்ப்புண்டு, அது வெளியே வந்து ஒன்றிலிருந்து ஐந்து நாளுக்குள்தான் தொற்றும் நிலைக்கு வரும், தினமும் அள்ளினால் ஆபத்து வெகுவாகக் குறையும், அந்த அள்ளுதலைக் கர்ப்பிணி செய்யாமல் இருப்பதுதான் நல்லது. மெஷின் வைத்தாலும் இழுப்பறையை இன்னொருவர்தான், அதுவும் தினம் காலி செய்ய வேண்டும், நாள் கணக்கில் தேக்கி வைக்கக் கூடாது. குட்டிகள் இருக்கிற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம், ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே இருக்கிற குட்டியைப் பல மெஷின்களின் சென்சாருக்குத் தெரியாது. அடைப்பு வந்த ஆண் பூனை வீட்டுக்கும் வேண்டாம்.

வாங்கியே தீருவது என்றால் பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை. உருளை சுற்றும்போது வாய்க்குள் ஒரு பொம்மையை நுழைத்துப் பாருங்கள், கையை அல்ல. சுற்றுகிற வாயும் வெளிக்கூட்டின் வாயும் கத்தரிக்கோல்போல ஒன்றையொன்று கடக்கிற வடிவமாக இருந்து, பொம்மை மாட்டியும் நிற்காமல் சுற்றினால் அந்த மெஷின் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. பூனையின் கழுத்து மாட்டும். விலை மலிவு என்று வருகிற சிலவற்றில் அந்தச் சென்சாரைத்தான் முதலில் குறைத்திருப்பார்கள்.

எங்கள் மெஷின் இப்போது கீழ்வீட்டில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஏழாவது மாதம், கணவருக்கு ராத்திரி ஷிஃப்ட், ஒரே ஒரு பூனை. 12,000 ரூபாய்க்குக் கொடுத்தேன், இழுப்பறையைத் தினம் காலையில் வந்ததும் கணவர்தான் எடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன். கூடவே அந்த ஜல்லிக் கரண்டியையும் கேட்டார், அம்மா தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.